மலை இருவாச்சியைக் காக்க மரக்கன்று நட்டால் போதுமா?

நடுவது நல்ல காரியம்தான். ஆனாலும் அது மட்டும் போதாது என்பதே என் பதில். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018 முதல் அழிவாய்ப்புள்ள இனமாக வகைப்படுத்தியிருக்கும் இப்பறவை, உணவுக்காக மட்டுமன்றி இருப்பிடத்துக்காகவும் முதிய மரங்களையே நம்பி வாழ்கிறது.

மரங்கொத்தியைப் போலப் பொந்து குடைய இருவாச்சியால் இயலாது. பெருங்கிளை முறிந்த இடத்தில் உள்மரம் உளுத்துத் தானாக உண்டாகும் பொந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் மூன்று கிலோ அளவில் எடையும் உள்ள பறவை குஞ்சோடு தங்கும் அளவுக்கு விசாலமாக இருக்க வேண்டும். ஆனைமலையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பெட்டை அதனுள் புகுந்து, எச்சத்தாலும் உணவுக் கழிவாலும் வாயிலை அடைத்து, அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்றை மட்டும் விட்டுவைக்கிறது. உள்ளே இருக்கையில் பறப்பதற்கான சிறகுகளை உதிர்த்துவிடுவதால், ஆண் கொண்டுவந்து ஊட்டும் அத்திப்பழங்களும் காட்டுச் சாதிக்காய் போன்ற கொழுப்பு மிகுந்த கனிகளுமே அதன் உயிராதாரம். அந்த ஆணை ஒருவர் சுட்டு வீழ்த்தினால் தாயும் குஞ்சும் பட்டினியால் மடிய நேரும். பெரும்பாலும் ஒரு பருவத்தில் ஒரே குஞ்சுதான் வளர்கிறது; இழப்பை விரைவில் ஈடுசெய்ய இவ்வினத்தால் இயலாது.

ஒரு இணை அதே பொந்துக்கு ஆண்டுதோறும் திரும்பி வருவதால், கூட்டு மரம் ஒன்று வீழ்ந்தால் பல ஆண்டுகளின் இனப்பெருக்கம் தடைபடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தேயிலைக்காகவும் காப்பிக்காகவும் காடு திருத்தப்பட்ட வால்பாறையில், தோட்டங்களுக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் நிற்கும் பெருமரங்கள் இதனாலேயே விலைமதிப்பற்றவை. அத்துண்டுகளில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர் மண்ணுக்குரிய மரங்களை வளர்த்துச் செய்துவரும் மீட்புப் பணியை நான் பெரிதும் மதிக்கிறேன். அக்கன்றுகள் சில பத்தாண்டுகளில் கனி தரலாம். இருவாச்சி தங்கும் பொந்து அவற்றில் உருவாக ஒரு நூற்றாண்டுக்கு மேலும் ஆகலாம். (தோட்டங்களில் நிழலுக்காக நிற்கும் சில்வர் ஓக் மரத்தால் இப்பறவைக்கு உணவு கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

இடைக்காலத்துக்குச் செயற்கைக் கூடு அமைப்பது ஒரு வழி. தாய்லாந்தில் 1978 முதல் இருவாச்சிகளை ஆராய்ந்துவரும் பிலாய் பூன்ஸ்வத்தின் குழுவினர் அமைத்த செயற்கைப் பொந்துகளில் மலை இருவாச்சிகள் குஞ்சு பொரித்துள்ளன. முன்பு குஞ்சுகளைத் திருடி விற்றவர்களையே ஊதியம் தந்து கூட்டுக் காவலர்களாக்கியது அக்குழுவின் அதைவிடப் பெரிய சாதனை எனக் கருதுகிறேன். கேரளத்தின் வாழச்சாலில் காடர் மக்களும், அருணாசலப் பிரதேசத்தின் பக்கே காட்டை ஒட்டிய ஊர்களில் நிஷி மக்களும் இதே பணியைச் செய்கின்றனர். மரத்தை அறிந்தவர் அருகில் இல்லாமல் எந்தத் திட்டமும் நிலைப்பதில்லை.

தாங்கள் காணச் செல்வதாயின், கூடுகட்டும் பருவத்தில் பொந்துள்ள மரத்தடியில் நிற்காதீர்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் ஆண் உணவோடு அருகில் வரத் தயங்கும். படம் எடுத்தாலும் இடத்தைக் குறிப்பிட்டு வெளியிட வேண்டாம்.