சர்ஃபிங் பலகை தவிர வேறு என்னென்ன வாங்க வேண்டும்?

கோவளத்தில் சர்ஃபிங் கற்கத் தொடங்கியிருக்கிறேன், பலகையைத் தவிர என்ன தேவை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் லீஷ், அதாவது பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு. பலகையின் நீளமே கயிற்றுக்கும் இருக்கட்டும்: 8 அடிப் பலகைக்கு 8 அடி. பலகையில் நிற்கும்போது பின்னால் இருக்கும் காலில் கட்ட வேண்டும். அது அறுந்தால் உங்கள் பலகை அலையோடு போய்ப் பக்கத்தில் குளிக்கிற குழந்தையின் மேல் மோதலாம். அதனால் ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் கயிற்றை விரலால் தடவிப் பாருங்கள். சின்ன வெட்டு தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். காலைச் சுற்றி ஒட்டும் வெல்க்ரோ பட்டையில் மணல் ஏறினால் பிடிப்பு போய்விடும், நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள்.

அப்புறம் மெழுகு. இது கால் வழுக்காமல் இருக்கப் பலகையின் மேல்பக்கம் தேய்ப்பது. குளிர்கடலுக்கான மெழுகு இங்கே குழைந்துவிடும். நம் கடல் எப்போதும் வெதுவெதுப்புதான், ஆகவே வெப்பமண்டல வகையையே கேட்டு வாங்குங்கள். கரையில் பலகையை வைக்கும்போது மெழுகுப் பக்கம் கீழே இருக்கட்டும், இல்லாவிட்டால் வெயில் உருக்கிவிடும்.

முழுக்கை ரேஷ் கார்டு, அதாவது உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டை, கட்டாயம். மெழுகு உரசி மார்பு புண்ணாகாது, வெயிலும் ஜெல்லி மீனும் கைகளை அண்டாது. முகத்துக்கு வெயிலைத் தடுக்கும் துத்தநாகக் களிம்பு பூசுங்கள்.

அலைகளை எண்ணும் கைக்கடிகாரம், கேமரா எல்லாம் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் இன்னும் நாலு வகுப்புக்குப் போங்கள்.