முழங்காலை வட்டமாகச் சுற்றலாமா?

கேள்வி: நடைப்பயிற்சிக்கு முன், பாதங்களைச் சேர்த்து வைத்து, கைகளை முழங்கால்மேல் ஊன்றி, முழங்காலை வட்டமாகச் சுற்றுவது என் வழக்கம். சில நாட்களாக உள்பக்கம் சுருக்கென்று குத்துகிறது. தோளைச் சுற்றினால் ஒன்றும் ஆவதில்லையே, முழங்கால் மட்டும் ஏன் இப்படி?

பதில்: தோள் சுற்றுவதற்கென்றே அமைந்த மூட்டு. முழங்கால் அப்படியில்லை.

தோளில் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை, ஆழமில்லாத ஒரு கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. இது பந்து கிண்ண மூட்டு; எந்தத் திசையிலும் போகும். ஆழம் குறைவு என்பதால்தான் உடலின் பெரிய மூட்டுகளில் அதிகமாக நழுவுவதும் தோள்தான். இடுப்பும் இதே வகை, ஆனால் கிண்ணம் ஆழமானது. அதனால் வீச்சு குறைவு, பிடிப்பு அதிகம்.

முழங்கால் கீல் மூட்டு. கதவுக் கீலைப் போல மடங்கும், நீளும். மடக்கம் ஏறத்தாழ 135 பாகை வரை. ஆனாலும் இது சுத்தமான கீல் அல்ல. நாற்காலியில் முழங்காலை 90 பாகை மடக்கி உட்காருங்கள். முழங்கால் சில்லுக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே கணைக்கால் எலும்பில் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன்பக்கம் ஓடும் பெரிய எலும்பு) ஒரு மேடு தட்டுப்படும். அதில் விரலை வைத்துக்கொண்டு, குதிகாலைத் தரையிலேயே வைத்துப் பாதத்தின் முன்பகுதியை வெளியேயும் உள்ளேயும் திருப்புங்கள். மேடும் கூடவே நகரும். இனி காலை முழுதாக நீட்டிக்கொண்டு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். இந்த முறை சில்லும் சேர்ந்து திரும்பும். ஏனென்றால் திரும்புவது இடுப்பு.

கால் நீளும் கடைசிச் சில பாகைகளில் கணைக்கால் எலும்பு சற்றே வெளிப்புறம் திருகி, தசைநார்கள் இறுகி, மூட்டு பூட்டிக்கொள்கிறது. வெகுநேரம் நின்றாலும் தொடைத்தசை அதிகம் களைக்காததற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம். மடக்கினால் பூட்டு திறக்கிறது, கொஞ்சம் திருகல் கிடைக்கிறது.

உங்கள் வலி பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. தொடை எலும்புக்கும் கணைக்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புகள் மெத்தையாக இருக்கின்றன. இவைதான் மெனிஸ்கஸ். உள்பக்கத்துப் பிறை பக்கவாட்டுத் தசைநாரோடு ஒட்டியிருப்பதால் வெளிப்பக்கத்தது அளவுக்கு விலகிக்கொடுக்காது. பாதம் தரையில் ஊன்றி, முழங்கால் மடங்கி, மேலே உடலின் பாரமும் இருக்கும்போது திருகினால், அது இடையில் மாட்டி நசுங்குகிறது. ஆரோக்கியமான முழங்காலை மெதுவாகச் சிறு வட்டமாகச் சுற்றினால் கேடு வராது. அப்போது உண்மையில் அசைவது கணுக்காலும் இடுப்பும்தான். ஆழமாக மடக்கி, கையால் அழுத்தி, வேகமாகச் சுற்றுவதுதான் வம்பு. அதில் முழங்காலுக்கு நன்மையும் ஏதுமில்லை என்பதால் விட்டுவிடச் சொல்வேன்.

பதிலாக, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முன்னும் பின்னும் 10 முறை வீசுங்கள். அடுத்து முழங்காலை மடக்கித் தூக்கி, இடுப்பிலிருந்து வட்டம் போடுங்கள், பக்கத்துக்கு 8 முறை. பாதத்தைத் தரையிலிருந்து எடுத்துக் கணுக்காலைச் சுற்றுங்கள். இதிலும் ஒரு வேடிக்கை உண்டு: கணுக்கால் மூட்டும் கீல்தான், மேலும் கீழும் மட்டும் போகும், பக்கவாட்டுச் சாய்வு அதற்குக் கீழேயுள்ள இன்னொரு மூட்டிலிருந்து வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் வட்டம். கடைசியாக நாற்காலியில் பாதி உட்கார்வதுபோல் 10 முறை இறங்கி எழுங்கள். முழங்கால் இரண்டாவது கால்விரலின் நேர்கோட்டில் இருக்கட்டும். உள்ளே சாயவிட்டால் பழைய திருகலே வேறு வழியில் வரும்.

முழங்கையிலும் இதே குழப்பம் வரும். உள்ளங்கையை மேலும் கீழும் புரட்டும்போது திரும்புவது கீல் அல்ல. முன்கையில் கட்டைவிரல் பக்கத்து எலும்பின் தலை, ஒரு தசைநார் வளையத்துக்குள் உருள்கிறது. இது முளை மூட்டு. தலையை "இல்லை" என்று ஆட்டும்போது கழுத்தின் முதல் எலும்பு, இரண்டாவதின் முளையைச் சுற்றுவதும் இதே வகை. கட்டைவிரலின் அடியில் இருப்பது சேண மூட்டு, குதிரைச் சேணம்போல் வளைந்த பரப்பு கொண்டது. மற்ற விரல்களைத் தொட அதனால்தான் முடிகிறது. விரல்களின் நடுக்கணு வெறும் கீல், பக்கவாட்டில் நெட்டி முறிக்காதீர்கள்.

வலியில்லாத ‘டக்’ சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் முழங்கால் வீங்கினாலோ, பாதியில் மாட்டிக்கொண்டு நீள மறுத்தாலோ, நடக்கும்போது திடீரென்று மடிந்து ஏமாற்றினாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். அதெல்லாம் இல்லாமல் சுருக்கு மட்டும் என்றால், 2 வாரம் சுற்றுவதை நிறுத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் குறையவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.