ராஹுயி பலகை உள்ள கடற்கரையில் மட்டி எடுக்கலாமா?

கேள்வி: ஆக்லாந்துக்குக் குடிவந்து இரண்டு வருடமாகிறது. குடும்பத்தோடு மட்டி எடுக்கப் போன இடத்தில் ‘ராஹுயி’ என்று பலகை வைத்திருந்தார்கள். இது நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வழக்கமா, நம்மையும் கட்டுப்படுத்தும் சட்டமா? வேறொரு கரையில் மாவோரிகள் மூட்டை மூட்டையாக எடுத்துப் போனார்களே, அது எப்படி?

பதில்: வாளியைக் காலியாகவே திருப்பிக் கொண்டுவந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ராஹுயி என்பது அந்தக் கரைக்குரிய மாவோரி குலத்தார் போடும் தடை. யாராவது மூழ்கி இறந்தால் சில நாளோ சில வாரமோ போடுவார்கள். அது துக்கம் காப்பது. கடல் தேறி வரட்டும் என்று போடுவது இன்னொரு வகை. நீங்கள் பார்த்தது அநேகமாக இதுதான்.

வழக்கப்படி மட்டும் போட்ட ராஹுயியை மீறினால் அபராதம் கிடையாது. ஆனால் 1996ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 186ஏ பிரிவின்படி குலத்தார் கேட்டுக்கொண்டால் அமைச்சர் இரண்டு ஆண்டு வரை அந்தப் பகுதியை மூடலாம். நாட்டின் தென் தீவுக்கு 186பி பிரிவு. மூடிவிட்டால் மாவோரி உட்பட எல்லாருக்கும் தடை, மீறுவது குற்றம். ஆக்லாந்துக்கு அருகிலுள்ள வைஹெகே தீவில் இப்படித்தான் நடந்தது. 2021 ஜனவரியில் ஙாத்தி பாவோவா குலத்தார் ராஹுயி போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அரசு அதைச் சட்டத் தடையாக்கியது. ஆகவே பலகையில் மீன்வளத் துறையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அத்துறையின் விதிகள் செயலியிலும் தெரிந்துவிடும்.

பெயர் இல்லாவிட்டாலும் எடுக்காதீர்கள் என்பேன். ஆளுக்கு இவ்வளவு என்ற தினசரி அளவை யாரும் மீறாமலே ஒரு மட்டிப் படுகை காலியாகிவிடும். கணக்கு ஆளுக்குத்தானே தவிர, படுகைக்கு இல்லையே! கடலில் பொழுதுபோக்குக்குப் பிடிக்க உரிமம் தேவையில்லை என்பதால் கூட்டத்துக்கும் வரம்பில்லை. இந்த ஓட்டையைத்தான் ராஹுயி அடைக்கிறது.

‘மாதாய்தாய்’ (மாவோரிகள் நிர்வகிக்கும் மீன்பிடிப் பகுதி) பலகையைப் பார்த்துப் பலர் தேவையில்லாமல் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பொதுவாக வணிக மீன்பிடிப்புக்குத்தான் தடை. உள்ளூர் துணைவிதிகளை மட்டும் பார்த்துக்கொண்டு நீங்கள் தாராளமாகப் பிடிக்கலாம்.

மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். துக்க வீட்டுக்கோ ஊர்க் கூட்டத்துக்கோ உணவு வேண்டுமென்றால், கரையின் காவலராக நியமிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதி தருவார். என்ன இனம், எவ்வளவு, எந்த இடம் என்பதெல்லாம் அதில் இருக்கும், விற்கக் கூடாது. வட தீவில் இதற்கான விதிகள் 1998இல் வந்தன. இதைச் சலுகை என்று நினைக்க வேண்டாம். பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட 1840 வைதாங்கி ஒப்பந்தம் மாவோரிகளுக்கு அவர்களுடைய மீன்பிடி உரிமையை உறுதி செய்தது. 1992இல் அரசு மாவோரிகளுடன் செய்துகொண்ட தீர்வின் வழியே வந்தவைதான் இந்த விதிகள். திருட்டு என்று சந்தேகம் வந்தால் நீங்கள் போய்க் கேட்காதீர்கள், மீன்வள அதிகாரிகளிடம் சொல்லுங்கள். அனுமதிச் சீட்டை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தடை எந்த இனத்துக்கு என்பதையும் படியுங்கள். வைஹெகேயில் ஸ்காலப், மஸ்ஸல், சிங்கி இறால், பாவா (ஒருவகைக் கடல் நத்தை) நான்கையும்தான் தடுத்தார்கள். தூண்டில் போடத் தடை இல்லை.