செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை: இன்னும் எத்தனை பார்ட்ஸ் வாங்குவது?

கேள்வி: என்னுடையது 20 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார். கார்பரேட்டர் இல்லை, இன்ஜெக்ஷன் வண்டி. காலையில் சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே எடுத்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது பத்து நிமிஷம் நிறுத்தினால் போச்சு, செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. முக்கால் மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். இரண்டு மாதத்தில் பேட்டரி, பிளக், பிளக் வயர், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் எல்லாம் மாற்றியாச்சு. அடுத்து பெட்ரோல் பம்ப் மாற்றலாம், அதிலும் சரியாகாவிட்டால் ஈசியூ (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) என்கிறார் மெக்கானிக். வாங்கலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். இதுவரை மாற்றிய நான்கும் ஊகத்தில் மாற்றியவை என்பது நீங்கள் எழுதியதிலேயே தெரிகிறது. செல்ஃப் வேகமாகச் சுற்றும்போது பேட்டரியை எதற்கு மாற்றினார்கள்? சோர்ந்த பேட்டரி என்றால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், அல்லது டக் டக் என்று சத்தம் மட்டும் வரும். ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும்: நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்து, செல்ஃப் அடிக்கும்போது 10-க்குப் பக்கத்திலேயே நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

விட்டு விட்டு வரும் கோளாறில் பெரிய தொல்லை, பட்டறைக்குப் போகும்போது வண்டி நல்ல பிள்ளையாக நடந்துகொள்வதுதான். அந்த நேரத்தில் எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் இருக்கும், உடனே கைக்கு எட்டிய பார்ட்டை மாற்றிவிடுவார்கள். அதனால் சோதனையை வண்டி அடம்பிடிக்கிற அந்த முக்கால் மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும், அதில் பாதி வேலையை ஸ்பேனர் இல்லாமல் நீங்களே செய்யலாம்.

அடுத்த முறை எடுக்காமல் நின்றால் பதறாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் வண்டிகளில் பின் சீட்டுப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நிற்கும். முனகல் வரவில்லை என்றாலும் பம்ப்பை வாங்க ஓடாதீர்கள், முதலில் ஃபியூஸ், அப்புறம் பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலே. பழைய ரிலேக்களுக்குள் ஈயப் பற்று விரிசல் விட்டுச் சூட்டில் மட்டும் தொடர்பு அறுந்துபோவது சகஜம். அதே பெட்டியில் ஹாரனுக்கோ ஃபேனுக்கோ அதே எண் போட்ட ரிலே இருந்தால் மாற்றிச் செருகிப் பாருங்கள், காசு செலவில்லை.

முனகல் வந்தால் செல்ஃப் அடித்தபடி ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் செல்ஃப் சுற்றும்போதே அந்த முள் லேசாக எழும்பும். காலையில் எடுக்கும்போது எழும்புகிறதா என்று முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சில மாடல்களில் எப்போதுமே அசையாது. காலையில் அசைந்த முள் சூட்டில் செத்துக் கிடந்தால் என் சந்தேகம் நேராக, எஞ்சின் தண்டு சுற்றுவதை ஈசியூவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல்தான் போகும்.

உங்கள் வண்டிக்கு அந்தச் சந்தேகம் அச்சாகப் பொருந்துகிறது. ஓடும்போது காற்றும் ஃபேனும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும், நிறுத்தியதும் அந்தச் சூடு பானட்டுக்குள்ளேயே தேங்கி, முதல் பத்து இருபது நிமிஷத்தில் சென்சார் ஓட்டத்தில் இருந்ததைவிட அதிகமாகச் சூடாகிவிடும். அதற்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருளில் மயிரிழை விரிசல் இருந்தால் சூட்டில் விலகும், ஆறினால் மறுபடி ஒட்டும். கிராங்க் சுற்றுகிற தகவல் வராதவரை ஈசியூ பிளக்குக்குக் கரண்டும் கொடுக்காது, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரையும் திறக்காது, ஆகையால் நீங்கள் காயில் மாற்றினாலும் பிளக் மாற்றினாலும் ஒன்றுதான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டி என்றால் அதற்குள் இருக்கும் பிக்கப் என்ற சென்சாருக்கும், காயிலை இயக்கும் இக்னிஷன் மாட்யூலுக்கும் இதே வியாதி வரும்.

பிளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் ஒன்று மெக்கானிக்கிடம் இருக்கும், அதை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிளக் வயரைக் கையில் பிடித்து பாடியில் உரசிப் பார்க்கிற பழைய வித்தை வேண்டாம், அதில் பாய்வது இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல், பக்கத்திலேயே பெட்ரோல் வேறு.

ஸ்பார்க் இருக்கிறது, பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது என்றால் கதை வேறு. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். எடுத்துவிட்டால் பெட்ரோல் அதிகம் இறங்குகிறது என்று அர்த்தம்: ஒழுகும் இன்ஜெக்டராக இருக்கலாம், அல்லது சூடான எஞ்சினை 'குளிராக இருக்கிறது' என்று ஈசியூவிடம் பொய் சொல்லும் டெம்பரேச்சர் சென்சாராக இருக்கலாம்.

ஈசியூ கடைசிச் சந்தேகம். அதற்கு வரும் சப்ளையும் எர்த்தும் சரியா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் அந்தப் பெயரை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள். சாவியில் உள்ள சிப்பைச் சோதிக்கும் இமொபிலைசர் உள்ள வண்டியில் பழைய இரும்புக் கடையில் வாங்கிய ஈசியூவை மாட்டினால் உங்கள் சாவியையே அது அடையாளம் காணாது, அதைச் சரிசெய்ய இன்னொரு செலவு. நானும் ஒரு பழைய வண்டிக்கு இப்படிப் பட்டறை சொன்னதையெல்லாம் வாங்கிப் போட்டவன்தான். கடைசியில் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டையின் போல்ட் துருப்பிடித்திருந்தது, தேய்த்து முடுக்கியதோடு சரி. இன்றைக்கும் அப்போது வாங்கிய தேவையில்லாத மாட்யூல் அலமாரியில் கிடக்கிறது.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: "கோளாறு கண்டுபிடிக்கத் தனியாகக் கூலி தருகிறேன், வண்டி உங்களிடமே இருக்கட்டும், சூடாக்கி நிறுத்தி அது எடுக்காமல் நிற்கும்போது பாருங்கள், என்ன சோதித்தீர்கள், என்ன ரீடிங் வந்தது என்று எழுதிக் கொடுங்கள்." இதற்குத் தலையாட்டுகிறவர் வேலை தெரிந்தவர். சென்சார்தான் என்று ஆகிவிட்டால், கனெக்டரில் எண்ணெய் ஊறியிருக்கிறதா, வயர் எங்காவது வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். இந்த ஒரு பார்ட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம், வண்டிக் கம்பெனியின் ஒரிஜினல் அல்லது அதற்குச் செய்து கொடுக்கும் பிராண்ட். கழற்றி விற்கும் பழைய சென்சாருக்கும் உங்களுடையதற்கும் ஒரே வயது.

கேள்வி: சரி, பலனில்லாமல் போட்ட புது காயிலைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: கடையில் கஷ்டம். ஒருமுறை மாட்டிய எலக்ட்ரிக் பார்ட்டைப் பழுது இருந்தால் மட்டுமே வாரண்டியில் மாற்றுவார்கள், உங்கள் காயிலில் பழுது இல்லையே. பட்டறையிடம் பேசிப் பார்க்கலாம். பில்லில் 'காயில் மாற்றியது' என்று மட்டும் இருந்தால் அவர்கள் சொன்னதைச் செய்துவிட்டார்கள். 'ஸ்டார்ட் ஆகாத கோளாறு சரிசெய்தது' என்று இருந்தால், சரியாகவில்லை என்று காட்டிக் கூலியையாவது கேட்க உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. கழற்றிய பழைய காயிலைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள், அநேகமாக அது நல்ல காயில்தான்.