ஐந்து மணி நேரச் சுற்று

அன்புள்ள ஐயா,

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வலைப்பதிவு எழுதும் நாங்கள் எட்டுப் பேர், ஆளுக்கு வாரம் அரை மணி நேரம் பாட்காஸ்ட் போடுகிறோம். இருவர் ஏற்காட்டில், மற்றவர்கள் டவுனில். எல்லாவற்றையும் சேர்த்து 24 மணி நேர இணைய வானொலி தொடங்க ஆசை. வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப் போதுமா? நடுநடுவே சினிமாப் பாட்டு போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

லேப்டாப் எடிட்டிங்குக்கு இருக்கட்டும். வினாடிக்கு 64 கிலோபிட் (64 கேபிபிஎஸ்) அளவில், ஒற்றைத் தட ஒலியாக (மோனோ) அனுப்பி நூறு பேர் சேர்ந்து கேட்டால் 6.4 எம்பிபிஎஸ் அப்லோடு வேண்டும். அது வீட்டிலேயே கிடைக்கும். ஆனால் கரண்ட் போனால் நிலையமும் போகும். 4 ஜிபி ரேமுடன் ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அசுராகாஸ்ட் என்னும் இணைய வானொலி மென்பொருளைப் போடுங்கள், இலவசம்தான். கேட்பவருக்கு ஒலியை அனுப்பும் ஐஸ்காஸ்ட், நிகழ்ச்சிகளை வரிசையாக ஓட்டும் லிக்விட்சோப் இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

உங்களிடம் வாரம் 4 மணி நேரச் சரக்கு. அதை அப்படியே சுற்றவிட்டால் நாளைக்கு ஆறு சுற்று சரியாக முடியும். அதுதான் வம்பு. காலை 6 மணிக்குத் தறியில் உட்காருகிறவர் தினமும் ஒரே ஆளின் பேச்சையே கேட்பார். பழைய பதிவுகளில் ஒரு மணி நேரம் சேர்த்து 5 மணி நேரச் சுற்றாக்குங்கள். 24 ஐந்தால் வகுபடாது. அதனால் அதே 6 மணிக்கு ஐந்து நாளும் வேறு வேறு நிகழ்ச்சி வரும். ஒவ்வொரு பதிவின் முன்னுரை இசையையும் பத்து வினாடிக்கு வெட்டிவிடுங்கள். ஒரே நாளில் நாலைந்து முறை வரும்போது அதுதான் முதலில் சலிக்கும்.

அடுத்தது சத்த அளவு. எட்டுப் பேர், எட்டு மைக். பீக் நார்மலைஸ், அதாவது உச்சச் சத்தத்தை வைத்துச் சமன் செய்வது, உதவாது. ஒரே ஒரு இருமல் உச்சத்தைத் தொட்டுவிட்டால் மொத்தப் பேச்சும் அடியிலேயே கிடக்கும். ஆடாசிட்டி என்னும் எடிட்டிங் மென்பொருளில் லவுட்னெஸ் நார்மலைசேஷனைத் திறந்து −23 என்றிருப்பதை −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) ஆக்குங்கள். மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் டிக் அப்படியே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால் மோனோப் பதிவு மட்டும் 3 டெசிபல் உரக்கக் கேட்கும்.

உங்கள் பேட்டையில் விசைத்தறிச் சத்தம் உள்ளே வராமல் இருக்காது. 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டால் உறுமல் குறையும், தடக் தடக் போகாது. நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போட்டால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்து, கெயினை, அதாவது மைக் ஒலியைப் பெருக்கும் அளவை, குறைப்பதுதான் வழி.

ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் போகிறவருக்காக 32 கேபிபிஎஸில், குறைந்த டேட்டாவுக்கான ஏஏசி பிளஸ் ஒலி வடிவில் இன்னொரு ஸ்ட்ரீம் வையுங்கள். கேட்க வருபவருக்கு ஐஸ்காஸ்ட் முதலில் 64 கிலோபைட் டேட்டாவை மொத்தமாகக் கொடுக்கும். 64 கேபிபிஎஸில் அது 8 வினாடிக்குத்தான் வரும், 32 கேபிபிஎஸில் 16 வினாடிக்கு. வளைவில் சிக்னல் பத்து வினாடி போனாலும் பேச்சு அறாது.

சினிமாப் பாட்டு வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு தரும் சட்டபூர்வ உரிமம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும்தான், இணையத்துக்கு இல்லை என்று 2019-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு உரிமையாளரிடமும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். உங்கள் எட்டுப் பேரிடமும்கூட எழுத்தில் வாங்குங்கள், அவர்கள் முன்னுரை இசையை எங்கே எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து.

இடைவெளியை நிரப்ப ஏற்காட்டு நண்பர்களை ஏதாவது பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். மழை மட்டும் வேண்டாம், 32 கேபிபிஎஸில் அது அப்பளம் பொரிக்கிற மாதிரி இருக்கும். கோயில் மணி நன்றாகக் கேட்கும்.