டூமா இருந்தும் ஜார் ஆட்சி ஏன் பிழைக்கவில்லை?

கேள்வி இது: 1905-க்குப் பிறகு ரஷ்யாவுக்கு டூமா என்ற நாடாளுமன்றம் வந்தது, நிலச் சீர்திருத்தமும் வந்தது. அப்படியும் 1917-இல் ஜார் (ரஷ்யப் பேரரசர்) இரண்டாம் நிக்கோலஸின் ஆட்சி ஒரே வாரத்தில் விழுந்தது எப்படி? முதல் உலகப் போர் மட்டும்தான் காரணமா?

போர் இல்லாவிட்டால் அது 1917-இல் நடந்திருக்காது. ஆனால் அதே போரில் பிரிட்டனும் பிரான்சும் பலமாக அடிவாங்கின. அங்கே பிரதமர்கள்தான் மாறினார்கள், அரசமைப்பு அப்படியே நின்றது. ரஷ்யாவில் தோல்விக்குப் பொறுப்பேற்று விலகக்கூடிய, மக்கள் மன்றத்துக்குக் கட்டுப்பட்ட அமைச்சரவை கிடையாது. என் பார்வையில் முழுச் சரிவுக்கும் அடிப்படை இந்த ஒரு குறைதான். ஜார் மற்ற எதை விட்டுக்கொடுத்தாலும் இதை மட்டும் கடைசிவரை கொடுக்கவில்லை.

(கீழே வரும் தேதிகள் பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி. 1917-இல் அது நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்னால் இருந்தது. மார்ச்சில் நடந்ததைப் பிப்ரவரிப் புரட்சி என்று சொல்வது இதனால்தான்.)

1905 ஜனவரி 9 அன்று பாதிரியார் கபோன் தலைமையில் தொழிலாளர்கள் மனு ஒன்றை எடுத்துக்கொண்டு தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த ஜாரின் குளிர்கால அரண்மனைக்குப் போனார்கள். கையில் புனிதப் படங்களும் ஜாரின் படமும் இருந்தன. படை சுட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் ரயில் உட்பட நாடே வேலைநிறுத்தத்தில் நின்றுபோனது. இராணுவ சர்வாதிகாரம், இல்லையென்றால் அரசியல் சட்டம். வேறு வழி இல்லை என்றார் ஜாரின் மூத்த ஆலோசகர் வித்தே. அக்டோபர் 17 பிரகடனம் அப்படித்தான் வந்தது. டூமாவின் ஒப்புதல் இல்லாமல் எந்தச் சட்டமும் செல்லாது என்பது அதன் வாக்குறுதி.

அந்த வாக்குறுதி எப்படிக் கரைந்தது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். டூமா கூடுவதற்கு நான்கு நாள் முன்பு, 1906 ஏப்ரல் 23 அன்று, அடிப்படைச் சட்டங்களை ஜாரே வெளியிட்டார். 4-ஆம் பிரிவு அவரைத் தொடர்ந்து ‘எதேச்சாதிகாரி’ என்றே அழைத்தது. அமைச்சர்களை நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையில். பட்ஜெட்டை டூமா நிறைவேற்றாவிட்டால் பழைய பட்ஜெட்டே தொடரும். 87-ஆம் பிரிவுப்படி, டூமா கூடாத நாட்களில் அரசு அவசரச் சட்டம் போடலாம். டூமா மறுபடி கூடி இரண்டு மாதத்துக்குள் அதை மன்றத்தில் வைக்காவிட்டால் அது காலாவதியாகும்.

முதல் டூமா மே 13 அன்று பிரதமர் கோரமிக்கின் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அமைச்சர்கள் அசையவில்லை. விலகியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லையே! 72 நாளில் டூமாதான் கலைக்கப்பட்டது. இரண்டாவது டூமாவும் ஆகாதென்று 1907 ஜூன் 3 அன்று அதையும் கலைத்து, தேர்தல் சட்டத்தையே ஜாரின் ஆணையால் மாற்றினார்கள். அவசரச் சட்டத்தின் வழியாகத் தேர்தல் விதிகளை மாற்றக் கூடாது என்று அதே 87-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தது. தானே எழுதிய சட்டத்தை ஓராண்டு சொச்சத்தில் அரசே மீறியது. புதிய ஏற்பாட்டில், டூமா உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுக்களில் சுமார் பாதி இடம் நிலப்பிரபுக்களுக்குப் போனது.

அடுத்த பிரதமர் ஸ்டாலிப்பினின் நிலச் சீர்திருத்தமும் 1906 நவம்பரில் 87-ஆம் பிரிவின் வழியாகத்தான் தொடங்கியது. கிராமப் பொதுநிலத்திலிருந்து தன் பங்கைப் பிரித்துக்கொள்ள விவசாயிக்கு அது உரிமை தந்தது. யோசனை மோசமில்லை. ஆனால் நிலப்பிரபுக்களின் பண்ணை நிலத்தில் கைவைக்காததால், அந்த நிலத்துக்கான விவசாயியின் பழைய ஏக்கம் அப்படியே இருந்தது. 20 ஆண்டு அமைதி வேண்டும் என்றார் ஸ்டாலிப்பின். ஐந்தாம் ஆண்டிலேயே, 1911 செப்டம்பரில், கீவ் நாடக அரங்கில் சுடப்பட்டு இறந்தார்.

பிறகு போர். 1915-இன் பெரும் பின்வாங்கலுக்குப் பின் டூமாவின் பெரும்பான்மைக் கட்சிகள் முற்போக்குக் கூட்டணியாகச் சேர்ந்து, நாட்டின் நம்பிக்கையைப் பெற்ற அமைச்சரவை வேண்டும் என்று மட்டும் கேட்டன. புரட்சிக்காரர்கள் கேட்டதல்ல இது. போரில் வெல்ல விரும்பிய மிதவாதிகள் கேட்டது. ஜார் டூமாவை ஒத்திவைத்தார். தலைமைத் தளபதிப் பொறுப்பையும் தானே ஏற்று, படைத் தலைமையகம் இருந்த மொகிலேவ் போய்விட்டார். அதற்குப் பிறகு போர்முனையில் எந்தத் தோல்வி வந்தாலும் அது அவர் பெயரில்தான் எழுதப்பட்டது. தலைநகரிலோ 1916 ஜனவரியிலிருந்து 13 மாதத்தில் நான்கு பிரதமர்கள்.

ரொட்டிக்கு வருவோம். ரஷ்யாவில் தானியம் இருந்தது. நகரத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலைகள் போருக்கு உழைத்ததால் விவசாயி வாங்கக் கடையில் சரக்கு இல்லை. நோட்டு அச்சடித்துப் பணமும் மதிப்பிழந்தது. வருவாயில் கால் பங்குக்கு மேல் தந்த வோட்கா விற்பனையை 1914-இல் நிறுத்திய அரசுக்கு நோட்டு அச்சடிப்பது எளிய வழியாகத் தெரிந்தது. அரசு விலையோ குறைவு. விவசாயி ஏன் விற்பார்? வந்த தானியத்தையும் பழுதான எஞ்சின்களும் போர்ச்சரக்கால் நெரிந்த தடங்களும் தாமதப்படுத்தின. தானியம் விளையும் தெற்கிலிருந்து பெத்ரோகிராத் (பீட்டர்ஸ்பர்க்கின் போர்க்காலப் பெயர்) மிகத் தொலைவு; அதனால் அங்கேதான் முதலில் வலித்தது.

1917 பிப்ரவரி 23, பெண்கள் தினம். தலைநகரின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் வேலையை விட்டு ரொட்டி கேட்டு வீதிக்கு வந்தார்கள். 25-ஆம் தேதி மாலை, கலவரத்தை நாளையே நிறுத்து என்று மொகிலேவிலிருந்து ஜார் தந்தி அடித்தார். உயிர்ச்சேதத்துக்குக் காரணமான முடிவு அதுதான். அதுவரை பெரும்பாலும் தயங்கி நின்ற படையினர் 26 அன்று சுட வேண்டியதாயிற்று. அவர்கள் தேர்ந்த படையும் அல்ல. ஜாரின் பழைய மெய்க்காவல் படையினர் போர்முனையில் மடிந்திருந்தார்கள். நகரில் இருந்தவை புதிதாகச் சேர்ந்தவர்களும் காயம் ஆறியவர்களும் நெருக்கியடித்துக் கிடந்த பயிற்சிப் பட்டாலியன்கள். ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் சுட்ட வோலின்ஸ்கி ரெஜிமென்ட், மறுநாள் காலை சார்ஜன்ட் கிர்பிச்னிகோவ் முன்னின்று நடத்த, முதல் ஆளாகக் கலகம் செய்தது. மாலைக்குள் நகரம் அரசின் கையை விட்டுப் போனது.

தலைநகருக்குத் திரும்ப முயன்ற ஜாரின் ரயில் மாலயா விஷேரா நிலையத்தில் வழி மறிபட்டு, வடக்குப் போர்முனையின் தலைமையகம் இருந்த பிஸ்கோவ் போய்ச் சேர்ந்தது. அங்கே மார்ச் 1 இரவு, டூமாவுக்குப் பொறுப்பான அமைச்சரவைக்குக் கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். 1906-இல் மறுத்தது அதைத்தான்; 1915-இல் அதைவிடக் குறைவாகக் கேட்டதையும் மறுத்திருந்தார். தளபதி ரூஸ்கி அதைத் தந்திக்கருவியில் டூமா தலைவர் ரொத்சியான்கோவிடம் சொன்னபோது, காலம் கடந்துவிட்டது என்று பதில் வந்தது. மறுநாள் போர்முனைத் தளபதிகளே பதவி விலகச் சொன்னார்கள். ஜார் தனக்காகவும், ஹீமோபிலியா (இரத்தம் உறையாத நோய்) உள்ள மகனுக்காகவும் சேர்த்து விலகி, தம்பி மிகயீலிடம் அரியணையை விட்டார். மார்ச் 3 அன்று மில்லியோன்னயா தெருவில் ஒரு வீட்டில் மிகயீல் கையெழுத்திட்ட தாள், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அரசியல் நிர்ணய சபை அழைத்தால் மட்டுமே ஆட்சியை ஏற்பேன் என்று சொன்னது.