தெபோரா என்ற எபிரேயப் பெயருக்கு 'இனிமையானவள்' என்பதுதான் பொருளா?

பிறக்கப்போகும் மகளுக்குத் தெபோரா என்று பெயர் வைக்கலாமா, 'இனிமையானவள், சுறுசுறுப்பானவள்' என்று ஒரு பெயர்ப் பட்டியலில் போட்டிருக்கிறதே, அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெயரின் நேர்ப்பொருள் தேனீ. எபிரேயத்தில் 'த்வோரா' என்பார்கள். இன்றைக்கும் இஸ்ரேலில் பூச்சிக்கும் பெண்ணுக்கும் ஒரே சொல்தான். கிரேக்கத்தில் அது 'ப' ஒலியோடு எழுதப்பட்டு, அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் போனது. நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் சாராள், ரெபெக்காள் மாதிரி இதற்கும் ஒரு 'ள்' சேர்த்துத் தெபொராள் ஆக்கிவிட்டது. என் அம்மாவின் அக்காவுக்கு அந்தப் பெயர்தான். யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சர். அவரை இனிமையானவர் என்று அவரிடம் படித்த யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த 'இனிமை' தேனிலிருந்து யாரோ ஊகித்து எழுதியது என்று நினைக்கிறேன். எபிரேய வேதத்தில் தேனீ வருவதே நாலு இடத்தில்தான். உபாகமம் 1இல் எமோரியர் இஸ்ரவேலரைத் தேனீக்கள் போல விரட்டுகிறார்கள். சங்கீதம் 118இல் எதிரிகள் தேனீக்களாகச் சூழ்ந்துகொள்கிறார்கள். ஏசாயா 7இல் அசீரியப் படையே தேனீ. சிம்சோன் கொன்ற சிங்கத்தின் உடலில் கூடு கட்டிய தேனீக்களிடம் மட்டும்தான் தேன் இருக்கிறது. ஆக, அந்த மக்களுக்குத் தேனீ என்றால் முதலில் கொடுக்குதான்.

பெயருக்குரிய ஆளைப் பாருங்கள். நியாயாதிபதிகள் புத்தகம் 4, 5 அதிகாரங்கள். ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவில் ஒரு பேரீச்சமரத்தடியில் உட்கார்ந்து வழக்குத் தீர்த்தவள். அந்தப் புத்தகத்தில் நியாயாதிபதியாக வரும் ஒரே பெண். எதிரிப் படைத்தலைவன் சிசெராவிடம் 900 இரும்பு ரதங்கள் இருந்த காலத்தில், பாராக் என்பவனைக் கூப்பிட்டு 10,000 பேரோடு தாபோர் மலைக்குப் போ என்கிறாள். அவனோ, நீ கூட வந்தால் போகிறேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்கிறான். சரி, வருகிறேன், ஆனால் பேர் உனக்குக் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். 5ஆம் அதிகாரத்தில் இருக்கும் அவளுடைய வெற்றிப் பாட்டு, எபிரேயத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய கவிதைகளில் ஒன்று என்பது அறிஞர் பலரின் கருத்து.

யூதர்களின் தல்மூது என்ற சமய விளக்க நூலில் வரும் ஒரு ரபிக்கு, அதாவது மதகுருவுக்கு, இவளைப் பிடிக்கவில்லை. பாராக்கிடம் தான் போகாமல் அவனை ஆளனுப்பி வரவழைத்த திமிருக்கு ஏற்ற பெயர்தான் தேனீ என்கிறார். திட்டாகத்தான் சொன்னார், ஆனால் பெயரை அவர் சரியாகப் புரிந்துகொண்டார்!

ஈழத்து ஆட்களுக்கு இந்தப் பெயர் இன்னொரு வழியிலும் தெரியும். போர்க்காலச் செய்திகளில் அடிக்கடி அடிபட்ட 'டோரா' படகு நினைவிருக்கிறதா? இலங்கைக் கடற்படை இஸ்ரேலிடம் வாங்கிய அதிவேகத் தாக்குதல் படகு. அது இதே த்வோராதான். அதற்கு முந்தைய படகு வகைக்கு இஸ்ரேல்காரர்கள் வைத்த பெயர் தபூர், அதாவது குளவி. சின்னதாக, வேகமாக வந்து கொட்டிவிட்டுப் போவது என்ற கணக்கு. இது எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்ப என்ர பேரிலயா கடலில ஓடித் திரிஞ்சவங்கள்?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வையுங்கள், நல்ல பெயர். அதே பொருளில் கொஞ்சம் மென்மையாக வேண்டுமென்றால் மெலிசா இருக்கிறது, அது கிரேக்கத் தேனீ. அப்புறம், வீட்டில் சுருக்கிக் கூப்பிட 'டோரா' என்று மட்டும் வேண்டாம். உங்கள் பிள்ளையின் வயதுக்காரர்களுக்கு அது கார்ட்டூன். எங்கள் கரைப்பக்கத்து ஆள் யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் சட்டென்று திரும்பிப் பார்ப்பார்.